கறாராகக் கிடந்த கம்ப்யூட்டர்

திண்டுக்கல் நூற்பாலை ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஒரே ஒரு இடம். கடைசிச் சுற்றில் இரண்டு பேர்: குஜிலியம்பாறையிலிருந்து வந்த ஒரு பெண், பாதி நரைத்த நான். கட்டளை அடித்து, ஆலையின் தகவல்களைத் தேடி எடுத்துக் காட்ட வேண்டும்.

அந்த மென்பொருளைத் தளர்வாக வைத்தால் கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் படித்த சுருக்கக் கட்டளைகளையும் ஏற்கும். கறாராக வைத்தால், பொது விதிப்படி முழுதாக அடித்தால்தான் அசையும்.

முதலில் அவள் உட்கார்ந்தாள். சுருக்கமாக அடித்ததெல்லாம் பிழையென்றே வந்தது. அடுத்து எனக்கும் அதே கதி. பரீட்சை நடத்தியவர் என் டீக்கடைச் சிநேகிதர். குனிந்து எதையோ மாற்றினார்.

“கறாரா கிடந்திருக்குப்பா. இப்ப அடி.”

எல்லாம் ஓடியது.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருந்தவள், நான் வெளியே வந்ததும் கேட்டாள்.

“அண்ணே, நானும் இதேதான அடிச்சேன்? ஒங்களுக்கு மட்டும் எப்புடி ஓடுச்சு?”

உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு மறுபடி வாய்ப்புக் கொடுத்திருப்பார்கள். என்னைவிட வேகமான கை அவளுடையது.

“நம்ம கைராசி அப்புடி, தாயி!” என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. “எனக்குத்தான் இன்னும் சரியா வரல போல. வாரேண்ணே” என்று பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வேலை எனக்குக் கிடைத்தது. ஆலையில் எத்தனையோ ஜோக் அடித்துப் பேர் வாங்கினேன். ஒருத்தர் அப்படியே நம்பிப் போனது அந்த ஒன்றைத்தான்.