ஒன்பதாம் நம்பர் சப்பாத்து

போன கிழமை கண்டியில் எனக்குப் பழக்கமான சப்பாத்துக் கடைக்குப் போனேன். "நானா, சேற்றில் இறங்கினாலும் அடி கழலாத சப்பாத்து ஒன்று வேணும். ஒன்பதாம் நம்பர்" என்றேன்.

கடைக்காரர் நஸீர் நானா என் காலைப் பார்த்தார். "நீங்க போடுறது ஏழு தானே சேர்?"

"எனக்கில்ல. ஒரு ஆமிக்காரருக்கு."

எடுத்த பெட்டியை அப்படியே வைத்துவிட்டார் மனுஷன். "என்ன சேர், பகிடியா? ஆமிக்கு கவர்மென்ட் சப்பாத்து குடுக்குது. நீங்க எதுக்கு வாங்கிக் குடுக்கணும்?"

நல்ல கேள்வி. அவருக்குப் பதில் சொல்ல அரை மணித்தியாலம் ஆனது. உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் தங்கச்சி செல்வி தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அண்மையில் அடித்த அந்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு நாள் விடவேயில்லை. அவளைக் கண்டிக்குக் கூட்டிவரலாம் என்று போனேன். "மழை விடட்டும் அண்ணே, இப்ப எங்க போறது?" என்று ஒரே பிடிவாதம். சரி என்று நானும் அங்கேயே தங்கினேன். காலையில் சாப்பிடப் பாண் வாங்க ரோட்டுக்கு இறங்கினேன். திரும்பி வந்து பார்த்தால்... லயத்து வரிசை வீடுகளில், செல்வியுடையதும் சேர்ந்த கடைசி இரண்டு காம்பராக்களைக் காணோம்!

மேலேயிருந்து மலை இறங்கிவிட்டது. மண்ணும் தகரமும் ஒரே குவியல். அதற்குள்ளிருந்து "அண்ணே... அண்ணே..." என்று அவள் சத்தம் மட்டும் வருகிறது. கூரை மரம் காலில் விழுந்திருக்கிறது, நெஞ்சு வரை மண் என்கிறாள். என் கையில் பாண். அதைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மண் தோண்டும் பெக்கோ மெஷின் வருவதற்கு ரோடு இல்லை. கீழே ரோட்டில் மண் அள்ளிக்கொண்டிருந்த ஆமிக்காரர்கள் எட்டுப் பேர் நடந்தே ஏறி வந்தார்கள். தேயிலைக்குள் நேராக ஏறி, செடி மறைத்த தண்ணீர்க் கான்களில் விழுந்து எழும்பி, கால் முழுக்க அட்டையோடு வந்து நின்றார்கள். கையில் என்ன இருந்தது தெரியுமா? நாலு மண்வெட்டி, ஒரு கயிறு, ஒரு டோர்ச். டோர்ச்சும் தண்ணீர் புகுந்து அணைந்துவிட்டது.

முன்னால் வந்தவன் பெயர் நுவன் என்று பிறகு தெரிந்தது. (அவன் என்றுதான் எழுத வருகிறது. என் மகன் வயது.) வலது சப்பாத்தின் அடி பிளந்து, விரல் வெளியே தெரிந்தது. சணல் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தான். குவியலுக்குள் இருந்த பொந்தைக் குனிந்து பார்த்தான். உள்ளே கும்மிருட்டு. நிமிர்ந்து என்னிடம் கையை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டான்.

நான் என்ன செய்தேன்? சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

சிரிக்காதீர்கள். என் வயதுத் தமிழர்களுக்கு இது விளங்கும். ஆமிக்காரர் கையை நீட்டினால் எங்கள் கை சட்டைப் பைக்குத்தான் போகும். பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் நிற்க வைத்த காலத்தில் பழகிய கை இது. யுத்தம் முடிந்து எத்தனை வருடம்! கைக்கு யார் சொல்வது? தங்கச்சி மண்ணுக்குள் கிடக்கிறாள், அண்ணன்காரன் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவன் அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அதைத் தன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினான். பிறகு என் கழுத்தில் தொங்கிய போனைத் தொட்டுக் காட்டினான். அவன் கேட்டது வெளிச்சம்!

போனின் லைட்டைப் போட்டுக் கொடுத்தேன். அதை எப்படிப் பிடித்துக்கொண்டு ஊர்வது? பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா தன் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் பட்டியை அவிழ்த்தார். போனை அவன் நெற்றியில் வைத்து, சொந்தப் பிள்ளைக்குக் கட்டுவது மாதிரி இறுக்கிக் கட்டிவிட்டார். கூரை மரத்தை அறுக்க மெஷின் இல்லை. யாரோ துருப்பிடித்த கை வாள் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார்கள்.

மண்வெட்டி அவள் மேல் பட்டுவிடும் என்று கையாலேயே மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போனான். மேலே மண் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை மலை இறங்கினால் இரண்டு பேரும் போச்சு. அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். பாதியில் அந்தச் சப்பாத்து கழன்று வெளியே விழுந்தது. எடுத்து வைத்தேன், உள்ளே ஒன்பது என்று நம்பர் போட்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, பயம் இல்ல. நான் இருக்கு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தானாம். செல்வி பிறகு சொன்னாள்.

இரண்டு மணித்தியாலம். பிறகு வெளியே இழுத்தார்கள். ஸ்ட்ரெச்சர்? அதுவும் இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் தடித்த படங்குகளை இரண்டு மூங்கிலில் கட்டி, அதில் வைத்து ரோடு வரை தூக்கிப் போனார்கள். கால் முறிந்ததுதான். உயிர் இருந்தது. ஐயோ... அந்தப் பிள்ளைகளைக் கும்பிட எனக்கு இரண்டு கை போதவில்லை.

டீவியில் அணிவகுப்புப் பார்க்கிறோம். பளபளக்கும் வாகனம், மேலே விமானம். நம்முடைய ஆமியிடம் நவீன கருவி போதுமா என்று யாராவது கேட்டால் உடனே துப்பாக்கியைத்தான் நினைக்கிறோம். அன்றைக்கு எங்கள் மலையில் துப்பாக்கிக்கு என்ன வேலை? நனைந்தாலும் எரிகிற லைட், மரம் அறுக்க ஒரு மெஷின், ஒரு ஸ்ட்ரெச்சர், பிளக்காத சப்பாத்து... இவ்வளவுதான் கேட்கிறேன். எங்கேயாவது ஸ்டோரில் இருக்கலாம், எனக்குத் தெரியாது. எங்கள் மலைக்கு ஏறி வந்தவர்கள் கையில் இருக்கவில்லை. இல்லாமலே வந்தார்களே என்பதுதான் என் நன்றி. இல்லாமல் அனுப்பினார்களே என்பது என் கோபம்.

கதை முடியவில்லை. போனைத் திருப்பித் தந்த நுவன் என் அட்டையை மறந்துவிட்டான். தோட்டத்துக் கடைக்காரர் மூலம் சொல்லி அனுப்பினான்: அட்டை பத்திரமாக இருக்கிறது, கேம்புக்கு வந்து எடுங்கள் என்று. புதுச் சப்பாத்துப் பெட்டியோடு போனேன். கேம்ப் வாசலில் காவலுக்கு நின்றவர் கையை நீட்டினார். "அடையாள அட்டை?"

"அது உள்ளே உங்கள் ஆளிடம் இருக்கிறது!"

பழைய காலமாக இருந்தால் இந்தப் பதிலுக்கு என்ன நடந்திருக்கும்! அவர் விழுந்து விழுந்து சிரித்தார். விஷயம் ஏற்கெனவே கேம்ப் முழுக்கப் பரவியிருந்தது.

நுவன் வந்தான். அட்டையைத் தந்தான். சப்பாத்தைப் போட்டு நடந்து பார்த்தான். அளவு சரி. முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாகக் கழற்றினான். அவன் சிங்களத்தில் சொன்னதைக் காவலுக்கு நின்றவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"அங்கிள், யூனிபோர்மோடு வெளிச் சப்பாத்துப் போட எங்களுக்கு அனுமதி இல்லை."

என் முகம் விழுந்ததைக் கண்டிருப்பான். பெட்டியை மூடி என் கையில் தந்து சொன்னான், அதையும் அவரே தமிழாக்கினார். "அக்கா வீட்டில் வையுங்கள். அடுத்த மழைக்கும் நாங்கள்தானே வருவோம். அங்கே வந்து போட்டுக்கொள்கிறேன். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?"

செல்விக்கு இப்போது வேறு காம்பரா கொடுத்திருக்கிறார்கள். கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்து என்னை அதட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். வாசல் பக்கம் ஒன்பதாம் நம்பர் சப்பாத்து ஒரு ஜோடி இருக்கிறது. யாரையும் தொட விடுவதில்லை.

அடுத்த மழைக்குள் அந்தப் பிள்ளைக்கு நல்ல சப்பாத்து அரசாங்கமே கொடுத்துவிட்டால், இதில் ரோசாச் செடி வைப்பாளாம்!