நீர்த்துளி விளக்கு

கோவளத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் வேலை பிரிசில்லாவுக்கு. திருப்போரூரில் வீடு. கணவர் ஆபிரகாம் மனை விற்கும் அலுவலகமொன்றில் நைட் செக்யூரிட்டி. பகலில் வீட்டில் இருப்பார். பல வருடமாகச் சர்க்கரை நோய். வேளை தவறாமல் தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார்.

மகள் சிநேகா சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலை, ஹாஸ்டல் வாசம். அப்பாவின் மருந்து வெயிலில் கெடக்கூடாதென்று போன கிறிஸ்துமஸுக்கு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தாள். கூட வந்த புத்தகத்தில் இங்கிலீஷும் இந்தியும்தான் இருந்தன. அது உறை பிரிக்காமலே பீரோவுக்குள் போனது.

பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் பனி ஏறினால் பட்டனை அமுக்குவார்கள். தண்ணீர் வடிந்து சமையலறை முழுக்க ஓடும். புதியதில் பட்டன் இல்லை. கதவில் நீர்த்துளி படம் போட்ட ஒரு விளக்கு மட்டும் அவ்வப்போது ஆரஞ்சு நிறத்தில் எரியும். அப்போது மோட்டார் சத்தம் நின்றுவிடும். உள்ளே எங்கோ சொட்டுச் சொட்டென்று கேட்கும்.

"தண்ணி லீக் ஆவுது போல கீது. கரண்ட்டு கிரண்ட்டு அடிச்சிடப் போவுது. அந்த லைட்டு எரிஞ்சா பிளக்கைப் புடுங்கிடுய்யா" என்றாள் பிரிசில்லா. ஆபிரகாம் அப்படியே செய்தார். அரை மணி கழித்து மாட்டினால் விளக்கு எரியாது. சரியாகிவிட்டது என்று இருவரும் நினைத்தார்கள்.

கத்திரி வெயில் தொடங்கியது. பால் திரிந்தது. ஒரே நாளில் தயிர் வாயில் வைக்க முடியாமல் புளித்தது. மேல் கதவுக்குள் ஐஸ் கல்லாக இருந்ததால், வெயிலின் வேலை என்று பிரிசில்லா விட்டுவிட்டாள். மருந்துக் குப்பிகள் கீழே, பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தன.

ஆபிரகாமுக்குச் சர்க்கரை நானூறைத் தாண்டியது. காலில் இருந்த சின்னப் புண் பெரிதானது. டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டினார், அப்போதும் இறங்கவில்லை. "வீட்டுக்குத் தெரியாம ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று அவரைக் கேட்டார்.

"இல்ல டாக்டர். சத்தியமா ஒண்ணும் துன்றதில்ல."

அன்று மாலையே பிரிசில்லா, ஆபிரகாம் வழக்கமாக டீ குடிக்கும் முனிசாமியின் கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் சத்தம் போட்டாள். "எங்க வூட்டுக்காரருக்குச் சக்கரை போட்டு டீ குடுத்துக் கொல்லப் பாக்குறியா?" முனிசாமி பதில் சொல்வதற்குள் திரும்பி நடந்துவிட்டாள். சிநேகாவும் போனில் அப்பாவைக் கடிந்தாள்: "எங்க நெனப்பு கொஞ்சமாச்சும் இருந்தா வாயக் கட்டுவப்பா."



ஜூன் முதல் வாரம் ஆபிரகாமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புண்ணின் விஷம் உடம்பில் பரவியிருந்தது. அன்று சாயங்காலம் பிரிசில்லா கஞ்சி கொடுக்கும்போது அவர் அவள் கையைப் பிடித்தார்.

"பிரிசி, நீயாச்சும் என்னை நம்புறியா?"

"மொதல்ல ஒடம்பு தேறட்டும். அதெல்லாம் அப்பால பேசிக்கலாம்" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில், சிநேகா வந்து சேருமுன்பே, அவர் போய்விட்டார்.

ஜூலையில், ஃபிரிட்ஜின் கீழ்ப்பகுதி சுத்தமாகக் குளிரவில்லை என்று மெக்கானிக் கோதண்டராமனை வரவழைத்தாள். அவர் மேல்பகுதியின் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே வெள்ளைச் சுவர் போலப் பனி அடைத்திருந்தது.

"இந்தத் துளி லைட்டு எரியும்போது ஆஃப் பண்ணுவீங்களாம்மா?"

"ஆமா. அது ரிப்பேர்தானே?"

"ரிப்பேர் இல்லம்மா. உள்ள புடிச்ச பனிய அதுவே உருக்கிக்கிற நேரம். அப்ப மோட்டார் நிக்கும், உருகின தண்ணி பின்னாடி தட்டுல சொட்டும். கொஞ்ச நேரத்துல லைட்டு தானா அணைஞ்சிடும். ஒவ்வொரு வாட்டியும் பாதியில நிறுத்துனா பனி ஏறிக்கினே போயி காத்து வர்ற வழிய அடைச்சிடும். மேல ஐஸ் இருக்கும், கீழ குளிராது."

பிரிசில்லா கீழ்க் கதவைத் திறந்து காட்டினாள். "கீழ ஊசி மருந்து வெச்சிருந்தா?"

"பாலே கெடுதுன்னா மருந்து மட்டும் எப்பிடிம்மா..." என்று ஆரம்பித்தவர், மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "நான் மெக்கானிக்கும்மா. மருந்தப் பத்தி எனக்குத் தெரியாது" என்றார் மெதுவாக.

அவர் போனதும் மகளுக்குப் போன் செய்தாள். "உங்கப்பா ஒண்ணும் துன்னலடி. மருந்து கெட்டுப்போயிருக்குது. பிளக்கைப் புடுங்கச் சொன்னதே நான்தான்."

 சிநேகா அழத் தொடங்கினாள். "நான் கடைசியா பேசினதே அப்பாவத் திட்டித்தாம்மா."  இருவரும் போனை வைக்காமல் அழுதார்கள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. முனிசாமியின் கடைக்குப் போய், டீ குடிக்க வந்தவர்கள் முன்னாலேயே சொன்னாள். "அன்னிக்கு உன்னைப் பேசுனது தப்பு முனிசாமி. அவர் மேல எந்தத் தப்பும் இல்ல."

முனிசாமி பாய்லரை விட்டு வெளியே வந்தார். "எனக்குத் தெரியுமேக்கா. அண்ணன் ஒருநாளும் சக்கரை போட்டுக் கேட்டதில்ல. நீ வந்து போன மறுநாள், என்னால உனக்குப் பேஜாரு வேணாண்டா, இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போனாரு."

பிரிசில்லா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.  கோவளம் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது.