தொட்டி மேல் போட்ட வழக்கு

எங்கள் தெருவில் போர் போட்டால் கசப்புத் தண்ணீர்தான் வரும். தோல் பதனிடும் ஷாப்புகள் விட்ட கழிவு எத்தனையோ வருஷமாக நிலத்தில் இறங்கியிருக்கிறது. அதில் பருப்பு வேகாது, டீ போட்டால் பால் திரிந்துவிடும். குடிநீர்க் குழாயோ ஹைவேக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதனால் தெருவுக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி கேட்டு மனு எழுதினோம். முதல் கையெழுத்து நான்தான் போட்டேன்.

சாங்ஷன் ஆகி, புறம்போக்கு இடத்தில் குழி தோண்டிக் கம்பி கட்டிய வாரமே கோர்ட்டிலிருந்து தடை வந்தது. வழக்கு போட்டவர் எங்கள் தெருக் கடைசி வீட்டுக்காரர், ரிட்டயர் ஆனவர். தொட்டி இடிந்தால் அவர் வீட்டு மேல் விழுமாம். குழிக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே நான்கு வீடுகள் இருக்கின்றன. அந்த நான்கு பேரும் தொட்டி வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்கள். ஊராட்சியோடு சேர்த்து என்னையும் பிரதிவாதி ஆக்கியிருந்தார்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

"இன்னாண்ணே இது? நாலு வீட்டத் தாண்டி உங்க வீட்டு மேல எப்படி விழும்?"

"அத கோர்ட்டு சொல்லட்டும். தொட்டி எங்க வரணும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அதுக்கு கேஸா?"

"ஜெயிக்கவாம்மா போட்டேன்? வேலை நிக்கட்டும்னு போட்டேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் வீட்டு வாசலில் தண்ணீர் கேன்கள் வரிசையாக நின்றன.

ஐந்து வருஷம் இழுத்தார். ஒரு வாய்தாவுக்கு அவர் வக்கீல் வரமாட்டார். அடுத்ததற்கு அவருக்கே உடம்பு சரியில்லை என்பார்கள். ஷூ கம்பெனியில் நான் லீவு கேட்கும்போதெல்லாம் சூப்பர்வைசர், "நீ இங்க வேலை செய்றியா, கோர்ட்டுலயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். கோர்ட் வராந்தாவில் ஒரு பெண் எப்போதும் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். புருஷன் செத்ததும் நிலத்தைக் கொழுந்தன் பிடுங்கிக்கொண்டான் என்று பாகம் கேட்டு வந்தவள். எங்கள் கேஸ் போன்றவை வரிசையாகத் தேதி வாங்கிப் போவதற்குள் பொழுது போய்விடும். அவளும் இன்னொரு தேதியோடு பஸ் ஏறுவாள். நியாயத்துக்கு வந்தவள் வழியை ஒரு வீம்புக்காரன் மறித்துக்கொண்டிருந்தான். அதைக் கேட்க அங்கே ஆளில்லை.

மூன்றாவது வருஷம், குடத்தோடு ஹைவேயைத் தாண்டிய என் பக்கத்து வீட்டுக்காரி மேல் பைக் மோதித் தொடை எலும்பு முறிந்தது. வழக்கு போட்ட அவரே ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனார். கேள்விப்பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கடைசியில் வழக்கை அவரே வாபஸ் வாங்கினார். வீட்டை விற்றுவிட்டுப் பாகாயத்தில் மகளோடு இருக்கப் போகிறாராம். ஜட்ஜ் ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

நான் எழுந்து நின்றேன். "ஐயா, அஞ்சு வருஷம் தண்ணி இல்லாம கெடந்தோமே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"நஷ்டஈடு வேணும்னா தனியா வழக்கு போடுங்கம்மா," என்றார் ஜட்ஜ். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த கேஸ் கட்டைப் பிரித்தார்.

"இன்னொரு கேஸா?" என்று கத்திவிட்டேன். டவாலி என்னை வெளியே போகச் சொன்னான்.

வெளியே அந்த ஆள் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். "அதான் முடிஞ்சிபோச்சே, இன்னும் இன்னாம்மா கோவம்?"

வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். "கால் ஒடிஞ்சவ இன்னும் நொண்டிக்கினுதான் வேலைக்குப் போறா. அவகிட்ட வந்து சொல்லுங்க, முடிஞ்சிபோச்சுன்னு."

என்னைச் சுற்றி வண்டியை ஒடித்துக்கொண்டு போய்விட்டார்.

தொட்டிக்கு வந்த நிதி திரும்பிப் போய்விட்டது. புது எஸ்டிமேட் போட வேண்டும் என்று ஊராட்சி ஆபீசில் சொல்கிறார்கள். அவர் செய்தது தப்பு என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. எழுதாமல் விட்டது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.