பச்சைத் துணிக்கடியில் விழித்திருப்பவர்கள்

காது ஒபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிற எங்களுக்கு ஒரு தொல்லை: நோயாளி தூங்கமாட்டார். எங்கள் ஆசுபத்திரிக்கு முழு மயக்கம் கொடுக்கிற டொக்டர் எப்போதாவதுதான் வருவார். அதனால் காதைச் சுற்றி மரத்துப்போக விறைப்பு ஊசி போட்டு, முகத்தைப் பச்சைத் துணியால் மூடி, ஆள் விழித்திருக்கும்போதே எலும்பைத் துளைப்போம். துணிக்கடியில் அவர் கையைப் பிடித்திருப்பது தாதியான என் வேலை; நோயாளிகளுக்கு நான் 'மிஸி'. இந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பிடி கையில் இருக்கும்.

நோவும் சத்தமும்

தோப்பூரிலிருந்து ஒரு உம்மா வந்திருந்தார். வருடக்கணக்காகச் சீழ் வடிந்த காது. துளைக்கிற மெஷின் சுழன்றதும் என் விரல்களை நெரித்துவிட்டார். "நோகுதா உம்மா?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"நோவில்ல மகள். மண்டைக்குள்ள ஆரோ மில் ஓட்டுறாங்க, அத நிப்பாட்டச் சொல்லுங்க."

சிரிக்கச் சொல்வது

முகத்தை அசைக்கிற நரம்பு காதுக்குள்ளால்தான் போகிறது. அது வெட்டுப்பட்டால் வாய் கோணிவிடும். நரம்பைக் காவல் காக்கிற மெஷின் எங்களிடம் இல்லை. ஆகவே இடையிடையே நோயாளியைச் சிரிக்கச் சொல்லி, துணியைத் தூக்கிப் பார்ப்பேன். திரியாய் ஊர் அக்கா ஒருவர், கடலில் புருஷனைப் பறிகொடுத்தவர், எவ்வளவு கெஞ்சியும் உதட்டை அசைக்கவில்லை. நரம்பு போய்விட்டதோ என்று துணியை இன்னும் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் பல்லைக் காட்டினார்.

"இது உங்களுக்காகச் சிரிச்சது, மிஸி. எனக்கெண்டு சிரிச்சுக் கனகாலம்."

இங்கிலீஸ்

நிலாவெளியில் வெள்ளைக்காரரைக் கடலுக்கடியில் கூட்டிப்போய் மீன் காட்டுகிற அண்ணை ஒருவர். அந்தத் தொழிலில்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது. ஊசி போடும்போதே, "திரும்பக் கடலுக்கடியில சுழியோட ஏலுமோ, மிஸி?" என்று கேட்டார். "டொக்டர் பார்த்துச் சொல்லுவார்" என்றேன்.

டொக்டர் பார்த்தார். சீழ் எலும்பை அரித்து மூளைக்குப் பக்கத்தில் போயிருந்தது. நோயாளிக்கு விளங்கக்கூடாத கதையை இங்கிலீஸில் கதைப்பது எங்கள் வழக்கம். உயிரைக் காப்பாற்றலாம், காது போய்விட்டது, இவர் இனிக் கடலுக்குள் இறங்கவே ஏலாது என்று டொக்டர் இங்கிலீஸில் சொன்னார். பிடித்திருந்த கை தளர்ந்தது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நரம்பைப் பார்க்கிற நேரம் வந்ததும் துணியைத் தூக்கி, "அண்ணை, ஒருக்காச் சிரியுங்கோ" என்றேன். வாய் இரண்டு பக்கமும் ஒழுங்காக விரிந்தது. கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நரம்பு நல்லா இருக்கோ, மிஸி? வெள்ளைக்காரரோட கடலுக்குள்ள சீவிச்சவன் நான், எனக்கு இங்கிலீஸ் விளங்கும்."

இப்போதெல்லாம் கெட்ட செய்தியை எங்கள் தியேட்டரில் எந்தப் பாஷையிலும் சொல்வதில்லை, எல்லாரும் ஒரேயடியாகப் பேச்சை நிறுத்திவிடுகிறோம். அதுவும் துணிக்கடியில் இருப்பவருக்கு நன்றாகவே கேட்கிறது.