கம்பளிக்குள் வைத்த போன்

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மழை பெய்தால் வரிசை வீடான எங்கள் லயத்துக் கூரை ஒழுகும்.

ஒரு மழை நாளில் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது போனில் சார்ஜ் இல்லை. வேகமாக ஏற்றும் புது சார்ஜரில் மாட்டினேன். நனையக் கூடாதென்று போனைக் கம்பளியில் சுற்றிக் கட்டிலில் வைத்தேன். பக்கத்தில் என் இரண்டு வயது மகள் தூங்கினாள். நான் அடுப்படிக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது. ஓடி வந்து பார்த்தால் கம்பளியில் புகை. பிள்ளையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே கை கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம், "மொதல்ல சுவிச்ச அமத்துங்க" என்றேன். அவர் சுவிட்சை அணைத்துவிட்டு, கம்பளியோடு எல்லாவற்றையும் சுருட்டி மழையில் வீசினார். போன் வயிறு ஊதிக் கிடந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

டவுனில் போன் திருத்துகிறவரிடம் நடந்ததைச் சொன்னேன்; அவர் சிரித்தார். "போனுக்குக் குளிருதுன்னு போத்தி விட்டீங்களா அக்கா? வேகமா ஏறினா சூடும் கூட வரும். அது வெளிய போகணும். ஒங்க பேட்டரியும் பழசு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேட்டரியை மாற்றி வாங்கினேன். இப்போது வெறும் சிமெந்துத் தரையில், மூடாமல், நான் பக்கத்தில் இருந்தால்தான் சார்ஜ் போடுகிறேன். கூரை ஒழுகுகிற நாளில் போடுவதே இல்லை. போன் செத்துக் கிடந்தால் கிடக்கட்டும்.