மேலே பார்க்க, கீழே சமைக்க

போன ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு பணக்காரருக்காக உருகினோம். யார் அவர்? விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நாவல் ஒன்றின் கதாநாயகர்!

எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு புத்தகம் படிக்கும். அதாவது... மூன்று பேர் படிப்போம், மீதிப் பேர் கருத்து சொல்வார்கள். இந்த முறை கூடியது ராஜன் அண்ணையின் புது வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷம் சின்ன ஃபிளாட்டில் இருந்து, அவரும் மனைவி மாலா அக்காவும் ஓடி ஓடி உழைத்து வாங்கிய வீடு.

வீட்டின் பெருமையே கிச்சன்தான். வெள்ளை வெளேரென்று இருந்தது. கண்ணாடி அடுப்பு, சத்தமில்லாமல் மூடும் டிராயர்கள். அண்ணை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு உப்பு டப்பாகூட இல்லை.

புரிந்ததா? இங்கே நம்மவர்கள் பலர் வீட்டில் இரண்டு கிச்சன். மேலே இருப்பது பார்க்க. கீழே நிலவறையில், பழைய அடுப்போடு இருப்பது சமைக்க. மேலே மீன் பொரித்தால் புதுச் சுவரில் வாடை ஏறிவிடுமாம்.

கதைக்கு வருவோம். கதாநாயகர் சொத்து சேர்க்கிறார், மாளிகை கட்டுகிறார், கடைசியில் இருபது பேர் உட்காரும் மேஜையில் தனியாக சூப் குடிக்கிறார். பணம் இருந்து என்ன, நிம்மதி இல்லையே என்று ஆளாளுக்குப் பெருமூச்சு. நான் கொஞ்சம் தத்துவமும் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன்.

நடுவில் அண்ணை போனில் ஏதோ தட்டினார். ஐந்தே நிமிஷத்தில் மாலா அக்கா கீழேயிருந்து சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ் தட்டோடு வந்தார். வைத்தார், இறங்கிப் போய்விட்டார்.

காலித் தட்டைக் கொடுக்க நான் கீழே போனேன். சின்ன ஜன்னல், ஒரே புகை. வாஷிங் மெஷின் மேல் அதே நாவல், கடைசிப் பக்கம் வரை மஞ்சள் கறை! படித்த மூன்று பேரில் அக்காவும் ஒருவர். மேலே வந்து பேசலாமே என்றேன்.

"எண்ணெய் கொதிக்குது தம்பி, விட்டிட்டு வர ஏலாது. அந்த மனுசன் தனிய இருந்து சூப் குடிச்சதுக்கு எல்லாரும் கவலைப்படுறியள். அந்தச் சூப்பைக் கீழை நிண்டு காய்ச்சினது ஆர்? அவளுக்கு ஒரு பேர்கூட வைக்கேல்லை."

கட்லட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஃபிளாட்டிலை ஒரே குசினி. நான் சமைக்க, இவர் பக்கத்திலை வெங்காயம் வெட்டிக்கொண்டு ஏதாவது கதைச்சு அலட்டிக்கொண்டிருப்பார். இப்ப மெசேஜ் அனுப்புறார்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த ரோல்ஸில் நான் மட்டும் நாலு சாப்பிட்டிருந்தேன்.

மேலே வந்து, அக்கா சொன்னதை அப்படியே வட்டத்தின் முன் வைத்தேன். ராஜன் அண்ணை எழுந்து கீழே போனார். சண்டைதான் என்று நினைத்தோம். வேறொரு வாணலியும் பொரிக்காத கட்லட் தட்டுமாக மேலே வந்தார். பின்னால் அக்கா, கையில் நாவலோடு.

கண்ணாடி அடுப்பை எப்படிப் போடுவது என்று வீட்டுக்காரர்கள் இருவருக்குமே தெரியவில்லை. என்னையும் சேர்த்து மூன்று இன்ஜினியர்கள் போராடினோம். அது சூடாகி எண்ணெய் புகைந்த கையோடு ஸ்மோக் அலாரமும் அலறியது. அக்கா கரண்டியோடு நின்றபடி என் தத்துவத்தைப் பிய்த்து உதறினார். கடைசி ரயிலுக்கு ஓட வேண்டியதாயிற்று.

வாடை சுவரில் ஏறியிருக்கும். நேற்று ராஜன் அண்ணையிடமிருந்து ஒரு வரி மெசேஜ்: "வெங்காயம் வெட்டிக் கண் எரியுது."

மனுஷர் சந்தோஷமாக இருக்கிறார்!