கினிப்பன்றிகளுக்கு நான் போட்ட சாப்பாடு

உடையார்கட்டுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். என்னோடு கணிதம் படிப்பித்த ரீச்சர் ஒருவர் கணவரிடம் வெளிநாட்டுக்குப் புறப்பட்டார். போவதற்கு முன், சைக்கிள் கரியரில் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே இரண்டு கினிப்பன்றிகள். ஒன்று வெள்ளை, மற்றது மண்ணிறம். இரண்டும் பெட்டை.

“சேர், நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். உங்களிட்டக் குடுத்தால் எனக்குக் கவலை இல்லை,” என்றார்.

அந்த ஒரு வசனம்தான் என்னைக் கெடுத்தது. என்ன சாப்பாடு போடவேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்கியதும், “அதெல்லாம் எனக்குத் தெரியும் ரீச்சர்” என்று மறித்துவிட்டேன். உண்மையில் கினிப்பன்றியை நான் அதுவரை புத்தகப் படத்தில் மட்டுமே கண்டிருந்தேன்.

முதல் வாரம் விருந்து வைத்தேன். மழையில் நனைந்த பொன்னாங்காணியைக் கட்டோடு போட்டேன். பப்பாசிப் பழம், வெள்ளரிப்பழம், பலாச்சுளை என்று எது கையில் அகப்பட்டதோ அதையெல்லாம் போட்டேன். அவையும் மறுக்கவில்லை. நாலாம் நாள் இரண்டுக்கும் வயிற்றால் போனது. பெட்டியைக் கழுவிய என் மனைவி, “இஞ்சேருங்கோ, கொஞ்சம் குறைச்சுப் போட்டால் என்ன?” என்று கேட்டாள்.

குறைப்பது சாதாரண மனிதரின் வேலை. நான் காரணத்தைக் கண்டுபிடிப்பவன். பச்சையில் உள்ள ஈரம்தான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி, பச்சை எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தினேன். அன்றிலிருந்து காய்ந்த வைக்கோல், தவிடு, மத்தியானத்தில் கோதுமை மா ரொட்டித் துண்டு. பின்னேரம் நான் தேநீர் குடிக்கும்போது பிஸ்கற்றில் ஒரு துண்டு. வயிற்றால் போவது நின்றது. பார்க்க வந்தவர்களிடம் அதை ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவுபோலச் சொன்னேன்.

மூன்று, நான்கு வாரம் போயிருக்கும். வெள்ளை ஒரு மூலையை விட்டு அசையவில்லை. தூக்கினால் வலியில் கீச்சிட்டது. மண்ணிறம் பின்கால்களை இழுத்து இழுத்து நடந்தது. பல் முரசில் இரத்தம் கசிந்திருந்தது. குளிர் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து, அடியில் சாக்கு விரித்து, கால்களுக்கு நோவெண்ணெய் பூசினேன். பெட்டி முழுதும் ஆசுப்பத்திரி மணம் மணத்ததே தவிர வேறு மாற்றம் இல்லை.

தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்தன. பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுத் திருத்தினேன். மனைவி எதிரில் இருந்து புள்ளிகளைக் கூட்டித் தந்தாள். ஒரு தாளில் அவள் கை நின்றது.

“உங்கட பிள்ளையள் எல்லாரும் நாலாம் கேள்விக்குக் கினிப்பன்றி எண்டு எழுதியிருக்கினம். எல்லாருக்கும் சரி போட்டிருக்கிறியள்.”

“ஓம், சரிதானே.”

“என்ன கேள்வி அது?”

“விற்றமின் சி-யைத் தன்ர உடம்பிலேயே ஆக்க ஏலாத விலங்கு ஒண்டு சொல்லு எண்டு. சாப்பாட்டிலதான் கிடைக்கவேணும். மரக்கறி, பழம்…”

“கிடைக்காட்டி?”

“முரசில இரத்தம் வரும், மூட்டு வீங்கும், நடக்க ஏலா…”

அவள் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். “நீங்கள் என்ன குடுக்கிறியள்?” என்று மட்டும் கேட்டாள்.

“ரொட்டி,” என்றேன்.

அவள் விடைத்தாளை வைத்துவிட்டு வளவுக்குள் இறங்கினாள். கொய்யாப்பழம் ஒன்றைப் பொடியாக வெட்டினாள். வல்லாரை இலையைக் கழுவி, நீரை உதறி, சுளகில் பரப்பி உலரவிட்டு, ஒவ்வொரு இலையாக வாய்க்கருகே நீட்டினாள். மண்ணிறம் மெல்ல மெல்லக் கடித்தது. வெள்ளை முகர்ந்தது, சாப்பிடவில்லை. கொய்யாவைப் பிழிந்து சாறாக வாயில் விட்டும் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை அது இறந்து கிடந்தது. அதை நான்தான் புதைத்தேன். என்னில் பிழை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மண்ணிறம் தேறியது. இரண்டு வாரத்தில் பெட்டிக்குள் ஓடத் தொடங்கியது.

விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, வகுப்பில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முதலில் யாரும் சிரிக்கவில்லை. சேர் பகிடி விடுகிறாரா என்று பார்த்தார்கள். நோவெண்ணெய்க் கதை வந்ததும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி மட்டும் எழும்பி, வியப்போடு கேட்டாள்:

“அப்ப புத்தகத்தில இருக்கிறது உண்மைதான், என்ன சேர்?”

“ஓம் பிள்ளை. உண்மைதான்.”

அடுத்த நாள் ஆளுக்கொரு கட்டுக் கீரையோடு வந்தார்கள். முருங்கையிலை, வல்லாரை, பயற்றங்காய், அதோடு தக்காளிச் செடியின் தழை. எல்லாவற்றையும் பெருமையாக வீட்டுக்குக் காவிக்கொண்டு போனேன். மனைவி தக்காளித் தழையை முதலில் எடுத்து எறிந்தாள். அது கூடாது என்று என் அலுமாரியில் இருந்த புத்தகத்தில் வாசித்தாளாம். அந்தப் புத்தகத்தை நான் வாசித்ததாக நினைவில்லை. ஒரு கைப்பிடி கீரையைப் பிரித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கொடுத்தாள்.

“புதுசா எதையும் கொஞ்சங் கொஞ்சமாத்தான் பழக்கவேணும். நீங்கள் இனிச் சாப்பாட்டுப் பக்கம் வராதேங்கோ.”

எனக்குப் புல்லுப் பிடுங்கும் வேலை மட்டும் கிடைத்தது. அதையும் அவள் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் போடுவாள்.